ஆறாம் மாதம் இரண்டு வரும் ஆண்டு

ஜனவரி 22, புதன்

சீனாவில், சியாமென் விமான நிலையத்தில் என் மகன் நாயகம் காத்திருந்தான். இளைத்திருக்கிறான். கேட்டால் உடற்பயிற்சி என்கிறான். பக்கத்தில் அந்தப் பெண். என் கைப்பையை வாங்கிக்கொண்டு, "வாங்க அத்தை" என்றாள். யார் சொல்லிக்கொடுத்தது என்று நாயகத்தைப் பார்த்தேன். அவன் பெட்டியின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அங்கிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஊர் முழுக்க ஷூ செய்கிறார்கள். நாயகம் ஷூ தைக்கும் இயந்திரக் கம்பெனியில் எஞ்சினியர். அந்தப் பெண், பெயர் யாதிங், அதே கம்பெனியில் ஏற்றுமதிப் பிரிவு. அவனுக்குக் கம்பெனி கொடுத்திருப்பது ஒற்றை அறை என்பதால் என்னை அவள் வீட்டு மூன்றாம் மாடியில் தங்க வைத்திருக்கிறார்கள். எனக்கு இதில் இஷ்டமில்லை. ஹோட்டலில் சைவச் சாப்பாடு கிடைக்காது என்று வாயை அடைத்துவிட்டான்.

இங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடுகின்றன. வழி முழுக்க என் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது. கோவில்பட்டியில் இத்தனை வருடமாகப் பெண்களுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற கால், லேசில் அடங்காது.

மூன்று வாரம் இருக்கப் போகிறேன். "பெண்ணையும் வீட்டையும் பார்த்துவிட்டு வா" என்று அண்ணன் அனுப்பியிருக்கிறார். பார்த்துவிட்டு என்ன சொல்ல வேண்டும் என்பதையும் அவரே சொல்லி அனுப்பினார். எனக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை.

ஜனவரி 23, வியாழன்

இன்று இவர்கள் அடுப்படிச் சாமியை வானத்துக்கு வழியனுப்பும் நாள். வருடம் முழுக்க அடுப்பங்கரையில் உட்கார்ந்து வீட்டில் நடப்பதையெல்லாம் பார்த்த சாமி, மேலே போய் அறிக்கை கொடுக்குமாம். நல்லபடியாகச் சொல்லட்டும் என்று அதன் வாயில் எள்ளு மிட்டாய் தடவுகிறார்கள். பெண்ணின் அம்மா சாமி படத்துக்குத் தடவிவிட்டு எனக்கும் ஒன்று நீட்டினாள். எனக்கு எதற்கு என்று கேட்டேன். நீங்களும் ஊருக்குப் போய் எங்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமே என்று அவள் சொன்னதை, அந்தப் பெண் ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தாள்.

மிட்டாய் நன்றாகத்தான் இருந்தது. பல்லில் ஒட்டிக்கொண்டு சாயந்திரம் வரை போகவில்லை.

சாப்பாட்டு மேஜைக்கு மேலே நம் ஊர் நாள்காட்டி மாதிரியே தினம் ஒரு தாள் கிழிக்கிற கனத்த நாள்காட்டி ஒன்று தொங்குகிறது. ஒவ்வொரு தாளிலும் அன்று என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று போட்டிருக்கிறது. இன்று வீடு துடைக்கலாம், கிணறு தோண்டக்கூடாது. போன வருடமே ஏன் கல்யாணப் பேச்சை எடுக்கவில்லை என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். அவள் அந்த நாள்காட்டியைக் காட்டித்தான் விளக்கினாள். இவர்களுக்கு மாதம் நிலாக் கணக்கு; அமாவாசையன்று பிறக்கும். ஆனால் வசந்தம் தொடங்கும் நாள் சூரியக் கணக்கு. பிப்ரவரி மூன்றோ நான்கோ, அசையாது. புத்தாண்டோ முன்னும் பின்னும் நகரும். அதனால் சில ஆண்டுக்கு வசந்தத் தொடக்கமே கிடைக்காது, சில ஆண்டுக்கு இரண்டு கிடைக்கும். இப்போது முடியப்போகும் டிராகன் ஆண்டில் ஒன்றுகூட இல்லை. அப்படிப்பட்ட ஆண்டில் கல்யாணம் செய்ய மாட்டார்கள். அதை விதவை ஆண்டு என்பார்கள் என்று சொன்னவள், என் நெற்றியைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். முகம் சிவந்துவிட்டது.

பரவாயில்லை என்றேன். அவள் அதற்குப் பிறகும் இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டாள்.

ஜனவரி 26, ஞாயிறு

இன்று ஞாயிறு, ஆனால் வேலை நாள். புத்தாண்டுக்கு எட்டு நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை விடுவதற்காக, முன்னால் ஒரு ஞாயிற்றையும் பின்னால் ஒரு சனியையும் அரசாங்கம் வேலை நாளாக்கிவிட்டது. நாயகமும் அந்தப் பெண்ணும் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். அவள் அப்பா சென், கீழ்த்தளத்தில் ஷூவுக்கு அடிப்பாகம் செய்யும் பட்டறை வைத்திருக்கிறார். அவர் தொழிலாளர்களை ரயிலேற்றிவிடப் போய்விட்டார். வீட்டில் நானும் பெண்ணின் அம்மாவும்தான். அவள் பெயர் ஷியூஜென்.

பேச்சுக்கு அவள் போன் இருக்கிறது. அவள் சீனத்தில் பேசினால் அது தமிழில் சொல்லும். "மதிப்பிற்குரிய செண்பகவல்லி அவர்களே, தாங்கள் கத்தரிக்காய் உண்பீர்களா?" என்று ஒரு பெண் குரல் மேடையில் பேசுவதுபோல் கேட்டது. உண்பேன் என்றேன்.

எனக்கென்று தனி வாணலி வாங்கி வைத்திருக்கிறாள். அடியில் விலைச்சீட்டு இன்னும் ஒட்டியிருக்கிறது.

மகளுக்கு என்ன வயது என்று கேட்டேன். முப்பது என்றது போன். நாயகம் என்னிடம் இருபத்தெட்டு என்றல்லவா சொன்னான்? சாயந்திரம் அவனைக் கேட்டேன். வயிற்றில் இருந்ததற்கு ஒரு வயது, புத்தாண்டு பிறந்தால் எல்லோருக்கும் சேர்த்து இன்னொரு வயது, இரண்டையும் கூட்டிச் சொல்லியிருக்கிறாள் என்றான். இருக்கலாம். இந்த விவரத்தை அண்ணனுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். பிறகு வேண்டாமென்று விட்டுவிட்டேன்.

ஜோசியர் கூப்பிட்டிருக்கிறார். எடுக்கவில்லை. ஜாதகம் என்னம்மா ஆச்சு என்று நாயகம் கேட்டான். இன்னும் பார்த்துச் சொல்லவில்லை என்றேன்.

ஜனவரி 27, திங்கள்

ஜோசியர் மறுபடியும் கூப்பிட்டார். சிக்னல் சரியில்லை.

ஜனவரி 28, செவ்வாய்

இவர்களுக்கு ஆண்டின் கடைசி நாள். மதியமே கூடத்தில் மேஜை போட்டுச் செத்துப்போன பெரியவர்களுக்குப் படையல் வைத்தார்கள். சோறு, நூடுல்ஸ், பழம், மீன், சின்னச் சின்னக் கிண்ணங்களில் தேநீர். ஊதுபத்தி ஏற்றி ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார் சென். ஊதுபத்தி பாதி எரியும்வரை யாரும் மேஜையைத் தொடக்கூடாது. அவர்கள் சாப்பிட்டு முடிக்க வேண்டும். நம் வீட்டுப் படையலில் மீன் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

சென் என்னிடம் வந்து, நாயகத்தின் அப்பா பெயர் என்ன, அவருக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டார். ஒரு கிண்ணம் கூடுதலாக வைக்கலாமே என்றார். எனக்குத் திடீரென்று தலைவலி வந்துவிட்டது. மாடிக்கு வந்து படுத்துக்கொண்டேன்.

அவரவர் பெரியவர்கள் அவரவருக்கு. அவரை யார் வீட்டு மேஜையிலும் உட்கார வைக்க எனக்கு மனமில்லை.

நாளை தை அமாவாசை. நாயகத்தை விடிந்ததும் வரச் சொல்லியிருக்கிறேன்.

ஜனவரி 29, புதன்

எழுத நிறைய இருக்கிறது.

அவர் போய் மூன்று வருடம் ஆகிறது. முதல் வருடம் தாமிரபரணிக்குப் போய்த் தர்ப்பணம் கொடுத்தான் நாயகம். பிறகு இரண்டு வருடம் இங்கே இருந்துவிட்டான். எப்படிச் செய்தாய் என்று இன்றுதான் கேட்டேன். குளியலறையில் நின்று, போனில் மந்திரம் போட்டுக் கேட்டுச் செய்தானாம். "எள்ளு யாதிங்தான் வாங்கிட்டு வருவா. இங்க கறுப்பு எள்ளு நல்லா கிடைக்கும்மா" என்றான்.

யாரும் எழுவதற்கு முன் முடித்துவிடலாம் என்று மொட்டைமாடிக்குப் போனோம். நான் செம்பில் தண்ணீர் ஊற்ற, அவன் எள்ளோடு கை வழியே விட்டான். தரையில் விழுந்த தண்ணீர் ஓடி, குழாய் வழியே கீழே வாசலில் கொட்டியிருக்கிறது. வாசலில் ஷியூஜென் நின்றிருக்கிறாள். புத்தாண்டு முதல் நாள் இவர்கள் வீட்டைப் பெருக்க மாட்டார்கள், தண்ணீரை வெளியே கொட்டவே மாட்டார்கள். அதோடு வீட்டின் செல்வமும் போய்விடும் என்று நம்பிக்கை. பட்டறைக்குப் போன வருடம் சரியில்லை என்று வேறு கேள்விப்பட்டிருந்தேன். எனக்கு இதெல்லாம் தெரியும். யாதிங் நேற்றே சொல்லியிருந்தாள். அமாவாசை என் கண்ணை மறைத்துவிட்டது.

அவள் படியேறி வந்தாள். ஈரத் தரையைப் பார்த்தாள். நாயகம் கையில் எள்ளோடு அப்படியே நின்றான். பின்னாலேயே ஓடிவந்த யாதிங் அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னாள். ஷியூஜென் திரும்பி இறங்கிப் போய்விட்டாள்.

சரி, முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். நான் வாய் திறக்காமலே எல்லாம் முடிந்துவிட்டது. அதில் எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும்.

திரும்பி வந்தவள் கையில் பூப்போட்ட பெரிய பேசின் ஒன்று இருந்தது. நாயகத்தின் கைக்கு நேரே கீழே அதை வைத்தாள். யாதிங் சொன்னாள்: இன்று தண்ணீர் வீட்டை விட்டுப் போகாமல் இருந்தால் போதும். இது இதிலேயே இருக்கட்டும், யாரும் தொட மாட்டார்கள், நாளை மறுநாள் மரத்துக்கு ஊற்றிக்கொள்ளலாம். ஷியூஜென் சுவரோரமாக நகர்ந்து கைகூப்பி நின்றாள். விட்ட இடத்திலிருந்து நாயகம் தொடர்ந்தான்.

முடிந்ததும் அவர் பெயரைக் கேட்டாள். முத்துவேலாயுதம் என்றேன். அவளுக்கு வாயில் நுழையவில்லை. விடாமல் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். "வேலா" வரைக்கும் வந்தது. வீட்டில் நானும் அப்படித்தான் கூப்பிடுவேன்.

இன்று காலை இவர்களும் சைவம்தானாம். ஆண்டின் முதல் வேளை மாமிசம் தொட மாட்டார்கள். வாழைக்காய் கிடைக்கவில்லை; பூசணிக்காய் பொரியல், பருப்பு, சோறு செய்தேன். மாடிச் சுவரில் சோறு வைத்தேன். காகமே இல்லை இந்த ஊரில். ரொம்ப நேரம் கழித்துக் கறுப்பும் வெள்ளையுமாக, நீண்ட வாலோடு ஒரு பறவை வந்து கொத்தியது. அதுவும் காக்கை இனம்தான் என்றான் நாயகம். அவருக்கு எதிலும் கொஞ்சம் ஆடம்பரம் உண்டு.

ஜனவரி 31, வெள்ளி

பேசின் தண்ணீரை வாசல் லாங்கன் பழமரத்தடியில் ஊற்றினோம்.

விடுமுறை என்பதால் ஊரே காலி. கடை இல்லை, பட்டறை இல்லை, சாலையில் ஆள் இல்லை. பட்டறைக்குப் பின்னால் லாரிகள் திரும்புகிற பெரிய சிமெண்டு முற்றம் வெறுமையாகக் கிடக்கிறது. மூலையில் சென்னுடைய சின்ன வேன், கியர் வண்டி. அதைப் பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது. ஷியூஜெனுக்கு ஓட்டத் தெரியுமா என்று கேட்டேன். எட்டு வருடத்துக்கு முன் ஒருமுறை கற்றுக்கொள்ளப் போனாளாம். சொல்லிக்கொடுத்தவன் போட்ட சத்தத்தில் அழுதுகொண்டே வந்தவள் அதோடு விட்டுவிட்டாளாம்.

இது எனக்குப் பொறுக்காது. என் பள்ளியில் சத்தம் கிடையாது. சாவியைக் கேட்டு வாங்கினேன்.

ஸ்டியரிங் இடப்பக்கம் இருப்பதால் நான் வலப்பக்கம் உட்கார வேண்டியிருந்தது. என் காலடியில் பிரேக் இல்லை, கைபிரேக்கைப் பிடித்துக்கொண்டேன். அவள் கிளட்சைப் பட்டென்று விட்டாள். வேன் தவளை மாதிரி தாவி நின்றது. மெதுவா என்றேன். அவள் "மான்மான்" என்றாள். யாதிங்கைக் கேட்டேன், அதற்கும் மெதுவா என்றுதான் அர்த்தம். அப்புறம் போன் தேவைப்படவில்லை. மான்மான், மெதுவா, மான்மான் என்று முற்றத்தைச் சுற்றி வந்தோம். சென் மாடி ஜன்னலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரையை இழுத்துக்கொண்டார்.

பிப்ரவரி 1, சனி

இரண்டாவது கியர்.

பிப்ரவரி 2, ஞாயிறு

ஷியூஜென் இன்று பின்பக்கமாக எடுத்தாள். சுவரில் இடிக்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டு, போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசினாள். போன் சொன்னது:

"இந்தத் திருமணத்தில் எனக்கு விருப்பம் இல்லை. தங்கள் மகன் மீது குறை ஏதும் இல்லை. எனக்கு ஒரே மகள். அவள் தூரமாகப் போய்விடுவாள் என்று பயமாக இருக்கிறது. கணவரிடம் சொல்லவில்லை. தங்களிடம் சொல்கிறேன்."

எனக்கு ஒரு பெரிய பாரம் இறங்கியிருக்க வேண்டும். வந்த வேலையை அவளே முடித்துக் கையில் கொடுத்துவிட்டாள். ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேறு.

"எம் பையனுக்கு என்ன குறைச்சல்?" என்றேன்.

குறை இல்லை என்றுதானே சொன்னேன் என்றாள். அப்படியானால் ஏன் வேண்டாம் என்றேன். இப்படி ஒரு மாப்பிள்ளை இந்த மாகாணம் முழுக்கத் தேடினாலும் கிடைக்க மாட்டான் என்றேன். குடிக்க மாட்டான், கோபப்பட மாட்டான், அப்பாவுக்காகக் குளியலறையில் நின்றாவது தர்ப்பணம் கொடுப்பான் என்றேன். போன் பாதியில் திணறி நின்றுவிட்டது. அவளும் விடவில்லை. தன் மகள் வெளிநாட்டுக்காரர்களோடு பேரம் பேசினால் ஒருவரும் மறுத்துப் பேச முடியாது, அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது பட்டறையையே அவள்தான் நடத்தினாள், இப்படிப்பட்ட பெண்ணுக்கு மாப்பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள் என்றாள். அது உண்மைதான், நல்ல பெண்தான் என்று நானே சொல்லிவிட்டேன்.

பிறகு அவள் கேட்டாள். "தங்களுக்கு விருப்பமா?"

எஞ்சினைப் போடு, மணியாகிறது என்று சாவியைக் காட்டினேன்.

பிப்ரவரி 3, திங்கள்

இன்று வசந்தத் தொடக்கம். புது ஆண்டின் முதல் வசந்தம். இதே ஆண்டு முடியும்முன் அடுத்த பிப்ரவரியில் இரண்டாவதும் வந்துவிடும். அதனால் கல்யாணத்துக்கு ரொம்ப விசேஷமான வருடமாம். முட்டையை மேஜையில் செங்குத்தாக நிறுத்திப் பார்ப்பது இன்றைய வழக்கம். நான் முட்டை தொடுவதில்லை. வேடிக்கை பார்த்தேன். ஒருவருக்கும் நிற்கவில்லை.

மதியம் நாயகம் என்னைத் தனியாக முற்றத்துக்கு அழைத்துப் போனான்.

"அம்மா, ஒண்ணு சொல்லுதேன். உங்களுக்கும் மனசு இல்ல, அவங்க அம்மாவுக்கும் மனசு இல்ல, பாத்தாலே தெரியுது. ரெண்டு பேரையும் கஷ்டப்படுத்திட்டு எங்களுக்குக் கல்யாணம் வேண்டாம்னு நாங்க பேசிக்கிட்டோம். எங்க கம்பெனிக்குச் சென்னைல ஆபீஸ் இருக்கு. கேட்டா குடுப்பாங்க. சித்திரைக்குள்ள வந்துருவேன்."

"நான் மனசு இல்லேன்னு சொன்னேனா?"

"நீங்க ஒண்ணுமே சொல்லலயேம்மா."

அவன் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பதில் சொல்ல எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பிறகு உள்ளே போய், எல்லோரும் குடித்த தேநீர்க் கிண்ணங்களை யாதிங் கழுவ, பக்கத்தில் நின்று துடைத்து அடுக்கினான். கிண்ணங்கள் மட்டும் கை மாறின.

அண்ணனைக் கூப்பிட்டு, நாயகம் ஊரோடு வந்துவிடப் போகிறான் என்று சொன்னேன். ரொம்ப சந்தோஷப்பட்டார். "நீ ஏன் ஒரு மாதிரி பேசுதே?" என்றார். குளிர் என்றேன்.

பிப்ரவரி 5, புதன்

விடுமுறை முடிந்தது. தெருவெல்லாம் பட்டாசுக் காகிதம். பிள்ளைகள் இருவரும் கம்பெனிக்குப் போனார்கள், தனித்தனியாக.

கேட்டை விட்டு வெளியே ஓட்ட உரிமம் வேண்டும் என்று ஷியூஜெனுக்குச் சொல்லிவிட்டேன். அரைமணி நேரம் முற்றத்தில் சுற்றினோம். இருவருக்கும் கவனம் இல்லை.

பிப்ரவரி 6, வியாழன்

முதல் மாதத்தின் ஒன்பதாம் நாள், வானத்து அரசரின் பிறந்தநாள். இந்தப் பக்கத்து மக்களுக்குப் புத்தாண்டைவிடப் பெரியது. மற்ற வீடுகளில் நள்ளிரவிலேயே தொடங்கிவிடுவார்களாம். இங்கே சென்னுக்கு இருமல் என்பதால் காலையில் வைத்துக்கொண்டார்கள். யாதிங் லீவு போட்டிருந்தாள். வாசலில் உயரமான மேஜை போட்டு, இரண்டு பக்கமும் முழுக் கரும்பைத் தோகையோடு கட்டியிருந்தார்கள். மூன்று வாரத்துக்கு முன் என் வீட்டு வாசலிலும் இதே கோலம்தான். தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். புகையாக இருக்கும்.

எல்லோரும் கும்பிட்டு முடித்த பிறகு, ஷியூஜென் பிறைபோல் வளைந்த இரண்டு சிவப்பு மரத்துண்டுகளை எடுத்தாள். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உருண்டை. மனத்தில் இருப்பதைக் கேட்டுத் தரையில் போட வேண்டும். ஒன்று தட்டையாகவும் ஒன்று உருண்டையாகவும் விழுந்தால் சாமி சம்மதம் என்று அர்த்தம். இரண்டும் தட்டையென்றால் சாமி சிரிக்கிறார், மறுபடி கேள் என்று அர்த்தம். இரண்டும் உருண்டையென்றால் கூடாது. நாம் பூக்கட்டிப் பார்ப்பதுதான், இதில் பூ இல்லை.

என்ன கேட்கிறாள் என்று அவள் சொல்லவில்லை. யாதிங் தலை குனிந்து நின்றதிலேயே தெரிந்தது.

முதல் தடவை இரண்டும் தட்டை. இரண்டாம் தடவை இரண்டும் உருண்டை.

ஷியூஜென் குனிந்து அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் விரும்பிய பதில்தான். எனக்கும் அதேதான். அவள் முகத்தைப் பார்த்தேன். எட்டு வருடத்துக்கு முன் அழுதுகொண்டே வண்டியிலிருந்து இறங்கியபோது அவள் முகம் இப்படித்தான் இருந்திருக்கும். அவள் துண்டுகளை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

நான் போய் அவற்றை எடுத்தேன். அந்நியர் தொடலாமா என்றெல்லாம் யோசிக்கவில்லை. அவள் இரண்டு கையையும் பிடித்து உள்ளங்கையில் வைத்து மூடினேன்.

"மான்மான்" என்றேன். "இன்னொரு தடவ கேளு. மெதுவா கேளு."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கண்ணை மூடி, ரொம்ப நேரம் என்னவோ முணுமுணுத்துவிட்டுப் போட்டாள். ஒன்று மேஜைக் காலில் பட்டுச் சுழன்று நின்றது. உருண்டை. மற்றது முன்பே தட்டையாக விழுந்திருந்தது.

யாதிங் அழுதுவிட்டாள். நாயகம் கம்பெனியில் இருந்தான். அவனுக்குப் போன் செய்து யாதிங் அழுத அழுகையில் அவன் பயந்துபோய் ஓடிவந்தான். சென் மட்டும் எதுவும் புரியாமல், இதில் இவ்வளவு யோசிக்க என்ன இருந்தது என்று கேட்டுக்கொண்டே கரும்பை வெட்டினார்.

சாயந்திரம் ஜோசியரைக் கூப்பிட்டேன். பொருத்தம் நன்றாக இருக்கிறது என்றார். "போன மாசமே சொன்னேனேம்மா" என்றார். இருக்கலாம். புறப்படுகிற மும்முரத்தில் காதில் சரியாக விழுந்திருக்காது.

பிப்ரவரி 8, சனி

அண்ணனிடம் பேசினேன். சத்தம் போட்டார். நான் சத்தம் போடவில்லை. கடைசியில், பெண் சைவம் சாப்பிடுவாளா என்று கேட்டார். அது ஒன்றுதான் அவருக்கு மிச்சம் இருந்த கேள்வி. எங்கள் வீட்டில் சாப்பிடுவாள் என்றேன்.

பிள்ளைகளுக்கு இன்று சனிக்கிழமையும் வேலை. சேர்ந்தே போனார்கள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

நாள் பார்த்தோம். மேஜையில் அவர்களுடைய கனத்த நாள்காட்டி, என் போனில் நம் பஞ்சாங்கம். காலையில் உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்க மதியமாகிவிட்டது.

மே மாதம் இவர்களுக்கு ஐந்து நாள் விடுமுறை. நமக்குச் சித்திரை. அதில் ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் இருந்தது. தேதி நான்கு. ஷியூஜென் வேண்டாமென்று தலையாட்டிவிட்டாள், நான்கு என்றால் இவர்கள் பாஷையில் சாவுபோல ஒலிக்கும். உங்கள் கணக்கில் அது ஏழுதானே என்றேன். ஏழுதான், ஆனால் நான்காம் மாதம் என்றாள். ஆவணி சொன்னேன். அது அவர்களுக்குப் பேய்கள் உலவுகிற ஏழாம் மாதமாம். அக்டோபரில் எட்டு நாள் விடுமுறை வருகிறது, ஊரே கல்யாணம் செய்யும் என்றார் சென். அது புரட்டாசி என்றேன். நாயகம் தலையில் கை வைத்துக்கொண்டான்.

நடுவில் ஒரு வேடிக்கை பார்த்தேன். இந்த ஆண்டு இவர்களுக்கு ஆறாம் மாதம் முடிந்ததும் மறுபடியும் ஆறாம் மாதம் வருகிறது. நிலாக் கணக்கு சூரியனைவிடப் பின்தங்கிப் போவதால், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு மாதத்தை அதிகமாகச் சேர்த்துச் சரிசெய்கிறார்கள். இந்த முறை ஆறாம் மாதத்தின் அதிர்ஷ்டம்.

கடைசியில் ஐப்பசி. அவர்களுக்கு ஒன்பதாம் மாதம்; ஒன்பது என்றால் நீண்ட காலம் என்றும் பொருளாம். விடுமுறை கிடையாது. நான் லீவு போட்டுக்கொள்கிறேன் என்று நாயகமும் யாதிங்கும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். தாலி கட்டுவது கோவில்பட்டியில், மழைக்குக் கெட்டிப் பந்தலாகப் போட வேண்டும். விருந்து இங்கே அடுத்த புத்தாண்டில்.

எங்கே குடியிருப்பது என்ற பேச்சும் வந்தது. இங்கேதான். நாயகம் என் முகத்தைப் பார்த்தான். வேலை இருக்கிற இடத்தில்தானே இருக்க முடியும் என்றேன். அதைச் சொல்லும்போது ஷியூஜென் எனக்கு ஒரு ஆரஞ்சை உரித்து, நாரெல்லாம் எடுத்து, சுளை சுளையாக வைத்துக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். இன்றே நிச்சயத்தை வைத்துக்கொண்டோம். வெற்றிலை கிடைக்காததால் தாம்பாளத்தில் பாக்கோடு ஆரஞ்சுப் பழம். யாதிங் மண்டியிட்டு இரண்டு கையாலும் தேநீர் கொடுத்தாள். நான் கொண்டுவந்திருந்த பட்டுப்புடவையைக் கொடுத்தேன். இதை எதற்கு எடுத்து வந்தீங்க என்று நாயகம் கேட்டான். பெட்டியில் இடம் இருந்தது என்றேன்.

பிப்ரவரி 12, புதன்

நாளை புறப்படுகிறேன். இன்று புத்தாண்டின் முதல் பௌர்ணமி, விளக்குத் திருவிழா. தெருவெங்கும் காகித விளக்கு. கொழுக்கட்டைபோல அரிசிமாவு உருண்டை, உள்ளே எள்ளுப் பூரணம். வெந்நீரோடு கிண்ணத்தில் மிதக்கவிட்டுத் தருகிறார்கள். மூன்று கிண்ணம் சாப்பிட்டேன்.

பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது சம்பந்தியம்மா வந்தாள். கையில் அந்தக் கனத்த நாள்காட்டி. தாள்களை அள்ளிப் புரட்டி, ஜூலைக் கடைசியில் ஓரிடத்தில் விரலை வைத்தாள். போன் சொன்னது:

"முதல் ஆறாம் மாதத்தில் எனக்குப் பட்டறையில் வேலை இருக்கிறது. இது இரண்டாவது ஆறாம் மாதம். இது எந்தக் கணக்கிலும் இல்லை. இதில் நான் தங்கள் ஊருக்கு வரலாமா?"

தேதியைப் பார்த்தேன். அவள் காட்டிய பக்கம் முழுக்க நமக்கு ஆடி.

"அப்ப எங்களுக்கு ஆடி மாசம்" என்றேன். "கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டோம், நல்ல காரியம் ஒண்ணும் செய்ய மாட்டோம். சும்மாதான் உக்காந்திருக்கணும்."

போன் அதைச் சொல்லி முடிக்கக் காத்திருந்தாள். பிறகு மெல்லப் பேசினாள்.

"நல்லது. சும்மா உட்கார்ந்திருக்க எனக்கு ஒரு மாதம் கிடைத்ததே இல்லை."

எனக்கும்தான் என்றேன். போன் வாய் திறப்பதற்கு முன்பே அவள் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

ஊருக்குப் போனதும் மாடி அறைக்கு ஒரு கட்டில் வாங்க வேண்டும். அவளுக்கு முதுகுவலி உண்டு. மெத்தை கெட்டியாக இருக்கட்டும்.